அரைப் பேர்

முதல் வரைவில்
மூடுபனி மாதிரி நின்று கதை சொன்னேன்.
லயத்துக்குள்ளும் துரை பங்களாவுக்குள்ளும்
கேட்காமல் நுழைகிற பனி.
அதற்கு எல்லாம் தெரியும்:
கொக்கியில் தொங்கும் கொழுந்துச் சாக்கைச்
சவரியப்பன் தன் முழங்காலால்
லேசாகத் தாங்குவதும்,
பதினெட்டு கிலோ பதினாறாக இறங்குவதும்,
சிலம்பாயியின் துண்டில்
அரைப் பேர் விழுவதும்.

எங்கள் மலையில் நாட்கூலிக்குப் பேர் என்று பேர்.
கொழுந்து குறைந்தால் பேர் பாதியாகும்.

கடைசிப் பக்கத்தில்
சவரியப்பனை வழுக்குப் பாறையில் விழவைத்து
அந்த முழங்காலை உடைத்தேன்.
வாசித்த நண்பர்கள் நல்ல கதை என்றார்கள்.
நல்ல கதைதான்.
தீர்ப்பு எழுதியவன் விரலில்
ஒரு கொழுந்துக் கறைகூட இல்லை.

கிழித்தேன்.

இரண்டாம் வரைவை அவளிடம் கொடுத்தேன்.
'நான்' என்று சிலம்பாயி ஆரம்பித்தாள்.
இடுப்பில் படங்கு, கணுக்காலில் அட்டை,
பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த கைக்குழந்தைக்காக
பத்து மணிக்கே கனக்கிற மார்பு.
எல்லாம் சரியாக வந்தது.
பதினோராம் பக்கத்தில் அவள்
"அவரும் புள்ளகுட்டிக்காரருதானே" என்று
மன்னித்துவிட்டாள்.

பேனாவை மூடி வைத்தேன்.
அந்த மன்னிப்பு யாருக்கு வேண்டியிருந்தது?
அவள் வாயைத் திறந்து
என் வார்த்தையை வைத்திருக்கிறேன்.
இதுவும் இரண்டு கிலோ.

மூன்றாவதில் சவரியப்பனையே பேசவிட்டேன்.
அடடா, என்ன நியாயம்!
சாக்கு ஈரம். தண்ணிக்கா கூலி கொடுப்பது?
முற்றல் இலை அடியில் கிடக்கும்.
மாசக் கடைசியில் ஒப்பீசில் கேட்பார்கள்.
நான் ரெண்டு கழிக்காவிட்டால்
அடுத்தவன் வந்து நாலு கழிப்பான்.
ஒவ்வொரு வரியும் தராசு முள் மாதிரி
நடுவில் நின்றது.
அவனுக்காக ஒரு வார்த்தைகூட
நான் தேட வேண்டியிருக்கவில்லை.
அதை அப்போது
என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹட்டனில் அச்சுக்கூடம்.
டைப் செய்கிற பொடியன் டிலுக்சன்
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்:
"சேர், இந்த ஆள் முப்பது பக்கம் பேசுறாரு.
துரை பேர் வருது, கிளாக்கர் பேர் வருது,
துரையோட நாய்க்குக்கூட பேர் இருக்கு.
அந்தப் பொம்பள பேர மட்டும்
ஒரு எடத்துலயும் சொல்லலியே.
வேணும்னு செஞ்சதா?"

ஆமாம் என்றேன்.
அதுதான் உத்தி என்றேன்.
சொல்கிறவன் விட்டுவிடுவதில்தான்
அவன் யாரென்று வாசகனுக்குத் தெரியும் என்று
ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன்.
பொடியன் தலையாட்டினான்.

பஸ் டிக்கோயாவைத் தாண்டும்போது
வயிற்றுக்குள் எதுவோ இறங்கியது.

உத்தி இல்லை.
எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.
கீழ்ப்பிரிவுத் தராசில்
நாலு வருஷம் நின்றவன் நான்.
முழங்கால் என்னுடையது.
செக்ரோலில் அவள் நூற்றுப் பதினேழு.
துண்டை வாங்க நீளும் கையில்
கட்டைவிரல் நகம் கறுத்து வெடித்திருக்கும்.
அதற்குமேல் நான் பார்த்ததில்லை.
பார்த்தால் முழங்கால் நடுங்கும்.

சிலம்பாயி என்பது நான் வைத்தது.
மேசையில் உட்கார்ந்து
நாலைந்தைச் சொல்லிப் பார்த்து,
ஓசை நன்றாயிருக்கிறதென்று வைத்தது.
புத்தகத்தின் முதல் தாளில்
'சிலம்பாயிக்கு' என்று சமர்ப்பணம் வேறு.
இத்தனை காலம் கழித்தாவது
அவளுக்கு முழுப் பேர் போட்டேன்
என்றிருந்தேன்.
அதுவும் என் கையெழுத்தில்
இன்னொரு பொய்க் கணக்கு.

மறுநாள் மழை.
குடைக்குள் வைத்தும் தாள்கட்டு நனைந்துவிட்டது.
சமர்ப்பணத்தை எடுத்துவிடு,
அந்த இடத்தில் வேறொரு வரி வரணும் என்றேன்.

டிலுக்சன் அழித்தான்.
விசைகளில் விரல் வைத்துக் காத்திருந்தான்.

"சொல்லுங்க சேர்.
யார் சொல்ற மாதிரி?"